திரைக்கு வெளியே நின்றவனுக்கு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நீ வந்து சமையலறை நிலையில் சாய்ந்து நின்று ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, அன்னைக்கு ஆஸ்பத்திரில ஒரு ஆம்பள நர்ஸ் வந்திருந்தா, உன்னைத் தொட விட்டிருப்பியா?" நான் அடுப்பைக் குறைத்தேன். குழம்பில் உப்புப் பார்த்தேன். வெங்காயத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டேன். நீ சற்று நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாய். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. தெரிந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போடவும் வழியில்லை, ஏனென்றால் நாளைக் காலை நீ அந்த மகப்பேறு மருத்துவமனையின் மேட்ரன் முன்னால் போய் நிற்கப்போகிறாய். பெண்கள் வார்டில் இதுவரை ஆண் நர்ஸ் யாரையும் வைத்ததில்லை என்று போனிலேயே சொல்லிவிட்டவர், எதற்கும் வா பார்க்கலாம் என்றிருக்கிறார். அவர் வேண்டாமென்றால் டயாலிசிஸ் மையத்து வேலை இருக்கிறது. அதற்கும் நாளை மாலைக்குள் நீ பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே, பதில் இல்லாமலேயே எழுதத் தொடங்குகிறேன்.

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். மராத்தியைப் பள்ளிக்கூடம் கொடுத்தது, இந்தியைத் தெரு கொடுத்தது, தமிழை நான் வாய்வழியாகக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் ரஞ்சன்காவ் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டின் ஈரப்பதத்தைப் பற்றி இத்தனை வருடம் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதியதில், அந்த மொழியில் எனக்கு முடிவுகளைச் சொல்ல மட்டும்தான் வருகிறது. குழப்பங்களைச் சொல்லத் தமிழ்தான் வருகிறது. நீ படித்து முடித்து, சம்மதம் என்று சொன்னால், இதை இங்குள்ள தமிழர்கள் போடும் ஆண்டு மலருக்குக் கொடுப்பதாக இருக்கிறேன். என் வயதுப் பெண்கள் சிலர் படிக்க வேண்டும் என்று ஓர் எண்ணம். அது எதற்கு என்பது போகப்போகத் தெரியும்.

நாளை உன்னிடம் "ஏன் இந்தத் துறை?" என்று நிச்சயம் கேட்பார்கள் என்று நீ நினைக்கிறாய். அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து கைபேசியில் வைத்திருக்கிறாய். என் அம்மாவுக்கு நேர்ந்த ஒரு சம்பவம் என்று அது தொடங்குகிறது. "இதைச் சொல்லட்டுமா, உனக்குக் கஷ்டமா இருக்குமா?" என்று கேட்டாய். கஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே ஒரு காரணத்தைச் சொல்லி ஒரு வாழ்க்கையை விளக்கிவிடுபவர்களை நான் நம்புவதில்லை. நான் ஏன் வேதியியல் படித்தேன்? அணுக்களின் மேல் ஆசைப்பட்டு அல்ல. கோயம்புத்தூரில் நான் விண்ணப்பித்த கல்லூரியில் கணிதத்தில் இடம் முடிந்துவிட்டது, வேதியியலில் இருந்தது, என் தோழியும் அதில் சேர்ந்தாள். பிறகு அது எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதற்கு அப்புறம் காரணங்கள் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. உன் விஷயமும் அப்படித்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இருந்தாலும் அந்தச் சம்பவத்தை நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அது என் உடம்பில் நடந்தது.

நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். சனிக்கிழமை. உன் அப்பாவுக்கு ஆயுதத் தொழிற்சாலையில் ஓவர்டைம். உள்ளே போகும்போது கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், மாலை வரை அவரைப் பிடிக்க முடியாது. அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே எனக்கு மாதப்போக்கு கட்டுக்கடங்காமல் இருந்தது. ஆய்வகத்தில் ஒரு மூட்டை மாவில் பூஞ்சை என்று சந்தேகம் வந்தால் மொத்த லாரியையும் வாசலில் நிறுத்தி வைப்பவள் நான். என் ரத்தத்தை ஒருமுறைகூடச் சோதனைக்குக் கொடுக்கவில்லை. வயது அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டு கறுப்புச் சுடிதார்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, கம்பெனி பஸ் இருக்கையில் யாரும் பார்க்காமல் பிளாஸ்டிக் பையை விரித்து உட்கார்ந்து போய்வந்துகொண்டிருந்தேன்.

அன்று குளியலறையில் எழுந்து நின்றதும் சுவர் நகர்ந்தது. விழுந்துவிட்டேன். கதவுக்கு வெளியிலிருந்து நீ என்னாச்சு என்று கேட்டாய். ஒன்றுமில்லை, போய்ப் படி என்றேன். விழுந்த சத்தம் கேட்டதே என்றாய். பக்கெட் என்றேன். போய்விட்டாய் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக உன் குரல் வந்தது.

"பக்கெட்டுன்னா தண்ணிச் சத்தமும் வருமேம்மா."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. தாழ்ப்பாளை மட்டும் எடுத்துவிடு, நான் உள்ளே வரமாட்டேன் என்றாய். நகர்ந்து போய் எடுத்தேன். கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. அந்தக் கையில் பெரிய துண்டு இருந்தது. முகம் வரவில்லை. "பீரியட்ஸா?" என்று கேட்டாய். நான் வளர்ந்த வீட்டில் அதை எந்தப் பெயரிலும் ஆண்பிள்ளைகள் முன்னால் யாரும் சொன்னதில்லை. அறை வாங்கியதுபோல இருந்தது. ஆமாம் என்றேன். எப்போதிலிருந்து என்றாய். காலையிலிருந்து என்றேன். நீ ஓடிப்போய் எதிர்வீட்டு மராத்திக்கார அம்மாவை, உன் காகுவை, கூட்டிவந்தாய். அவரும் வாட்ச்மேனும் சேர்ந்து என்னை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

மருத்துவமனையில் என்னைக் கவனித்த நர்ஸ் பெண்தான். ஏறக்குறைய என் வயது. கூட்டம் அதிகம், அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை, அவளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. படித்தவள்தானே, இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எல்லோருக்கும் கேட்கும்படி மராத்தியில் திட்டிக்கொண்டே என் உடையை இடுப்புக்கு மேல் தூக்கினாள். படுக்கையைச் சுற்றியிருந்த திரையில் பாதிக் கொக்கிகள் இல்லை. நடுவில் ஒரு முழ அகலத்துக்கு அது திறந்து கிடந்தது. எதிரே யாரோ ஒருவரின் உறவினர்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வெளியிலிருந்து இரண்டு கைகள் வந்து திரையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்திருந்தன. விரல்கள் மட்டும் தெரிந்தன, ஒரு விரலில் பேனா மை. கட்டைவிரல்கள் இருந்த விதத்தைப் பார்த்துத்தான் புரிந்தது, நீ எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கைகளைப் பின்னால் கொடுத்துப் பிடித்திருந்தாய். டாக்டர் வந்து பார்த்து, கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லி, ரத்தம் ஏற்றத் தொடங்கும்வரை அந்த விரல்கள் அங்கேயே இருந்தன.

பிறகு அறுவை சிகிச்சை நடந்தது, உடம்பு தேறியது, நாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் நம் வீட்டுப் பழக்கம், அதை ஏற்படுத்தியவள் நான்தான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு நீ நர்சிங் சேர்கிறேன் என்றபோதும் ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தத் திரை வந்துவிடுமோ என்ற பயம். அதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். கோயம்புத்தூருக்குப் போன் பேசும்போதெல்லாம், பையன் மெடிக்கல் லைனில் படிக்கிறான் என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை என்பதுதான் அதன் வசதி. உன் மாமா ஒருநாள் தன் ஸ்கேன் படங்களை எல்லாம் உனக்கு அனுப்பி, டாக்டர் மாப்ளே, பார்த்துச் சொல்லுங்க என்று எழுதினார். நீ உடனே பதில் அனுப்பிவிட்டாய்: நான் டாக்டர் இல்லை மாமா, நர்ஸ், இதை டாக்டரிடம் காட்டுங்கள். அன்று மாலையே எனக்குப் போன் வந்தது.

"ஏனம்மிணி, பையன் டாக்டருக்குப் படிக்கறான்னு சொன்னே?"

"மெடிக்கல் லைன்னு சொன்னேன்."

"அந்த லைன்ல நர்ஸும் வருமாக்கும்."

"வருமுங்கண்ணா."

போகட்டும், ஊசியாவது நம்ம பையன் கையால் போட்டுக்கலாம் என்றார். உன் மாமா அவ்வளவுதான், எதையும் நீட்டி வைத்துக்கொள்ள மாட்டார். இத்தனை சுலபமாக முடியக்கூடிய ஒன்றை நான் இரண்டு வருடம் மூடி வைத்திருந்தேன்.

ஆக, உன் காரணம் அந்தத் திரைதான் என்று நான் முடிவு கட்டி, அதில் ரகசியமாகக் கொஞ்சம் பெருமையும் நிறையக் கூச்சமும் பட்டுக்கொண்டிருந்தபோது, இந்த மழைக்காலத்தில் நீ வேறு ஒன்றைச் சொன்னாய். மூன்றாம் வருடத்தில் உங்களை மகப்பேறு வார்டில் போட்டார்கள். பெண் மாணவிகள் உள்ளே போனார்கள். உங்கள் மூன்று பையன்களைப் பார்த்ததும் சிஸ்டர் "பிரதர், பாஹேர் தாம்பா" என்று வராந்தாவில் நிறுத்திவிட்டார். வெளியே இருங்கள். நாள்தோறும் அதேதான். மற்ற இருவரும் கைபேசியை நோண்டிக்கொண்டு பொழுதைப் போக்கினார்கள். ஆனால் வலி தொடங்கி, இன்னும் நேரம் இருக்கிற பெண்களை நடக்கச் சொல்லி அனுப்புவது அதே வராந்தாவுக்குத்தான். வீட்டு ஆட்கள் கதவுக்கு அந்தப் பக்கம், உள்ளே விடமாட்டார்கள். அந்தப் பெண்கள் தனியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பார்கள். அதில் ஒருத்தி, உன்னைவிடச் சின்னவள், வேலை தேடிப் புருஷனோடு இந்த ஊருக்கு வந்தவள், வலி வந்து நின்றபோது உன்னைப் பார்த்து, "பிரதர், கூட நடங்க" என்றாளாம்.

நீ நடந்தாய். பிடித்துக்கொள்ள அவள் கை கேட்டபோது முழங்கையைக் கொடுத்தாய். வலி ஏறும்போது மூச்சை எப்படி விடுவது என்று பாடத்தில் படித்ததை நீ சொல்லப்போக, அவள் பேசாமல் வா என்று அதட்டினாள், நீ பேசாமல் நடந்தாய். மத்தியானம் அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். அதற்குமேல் நீ எதையும் பார்க்கவில்லை. வார்டு ஆயா மாவ்ஷி வெளியே வந்து, பெண் குழந்தை, உன்னிடம் சொல்லச் சொன்னாள் என்றாராம். "அந்த வராந்தாதாம்மா" என்றாய். "உள்ள விட்டிருந்தா நானும் ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு வந்திருப்பேன்."

அப்படியானால் என் திரை? அதுவும் இருக்கலாம் என்றாய். என்னை வருத்தப்படுத்தக் கூடாது என்று சொன்னதுபோல இருந்தது. நான் வருத்தப்படவில்லை. பெரிய பாரம் ஒன்று இறங்கியதுபோல இருந்தது என்பதே உண்மை. என்னுடைய மிக மோசமான ஒரு பகல் பொழுதை உன் வாழ்நாள் முழுக்க நீ சுமக்கவேண்டியதில்லை. உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது, அது போதும்.

உன் அப்பாவின் கோபமும் உனக்குத் தெரிந்ததே. ஐசியூவில் போனால் சீக்கிரமே இன்சார்ஜ் ஆகலாம், வளைகுடாவுக்குப் போகலாம், இவன் என்னடா என்றால் ரயிலில் லேடீஸ் டப்பாவில் ஏற டிக்கெட் கேட்கிறான் என்று நம் வானவடிப் பகுதி முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "வந்ததவிட ஒரு ஆள் கூடச் சேந்து வீட்டுக்குப் போற வார்டு அது ஒண்ணுதாம்ப்பா." அவர் சிரிக்கக் கூடாது என்று தண்ணீர் குடித்தார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. யாராவது ஒருத்தி ஒருநாள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால் அதன்பிறகு என்ன என்பது அவர் கவலை. அந்தப் பயத்தை அவருக்குக் கேலியாகத்தான் சொல்லத் தெரியும். அதை நீ லேசாக எடுத்துக்கொள்ளாதே. எப்போதும் இன்னொரு பெண் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள். அதில் உனக்கு அவமானம் ஒன்றும் இல்லை, உள்ளே படுத்திருப்பவளுக்கும் அது ஆறுதல்.

எதிர்வீட்டுக் காகுவை வைத்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்கராந்தி சமயத்தில் நம் குடியிருப்புச் சொசைட்டிப் பெண்கள் கூடி மஞ்சள் குங்குமம் கொடுக்கும் அன்று, அத்தனை பேர் முன்னால் என்னிடம், உன் பையன் மருத்துவச்சி ஆகப்போகிறானாமே, தலைக்கு முக்காடு வாங்கிக் கொடுத்தாயா என்று கேட்டுச் சிரித்தவர் அவர்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். அடுத்த வாரம் நான் வேலையிலிருந்து திரும்பியபோது காகு நம் ஹாலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, எள்ளுருண்டை டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று எழுந்து போனார். என்ன கேட்டார் என்று உன்னிடம் விசாரித்தேன்.

"அது காகுவோட விஷயம்மா."

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவிடம் சொன்னால் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு, அடுத்த சில வாரங்களில் காகு டாக்டரிடம் போய்வந்தது தெரிந்தது. எதற்கென்று இன்றுவரை தெரியாது. படிப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கிவந்த அன்றுகூட நீ நர்ஸ் என்று எனக்குத் தோன்றவில்லை. காகுவின் விஷயத்தை என்னிடம் சொல்ல மறுத்தாயே, அந்தச் சாயங்காலம்தான் தோன்றியது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு ஆண் நர்ஸ் வந்திருந்தால் விட்டிருப்பேனா? நாற்பத்தொரு வயதில் நான் இருந்த நிலையில், நிச்சயம் மாட்டேன், செத்தாலும் பரவாயில்லை என்றிருப்பேன் என்று தோன்றுகிறது. உடனே, அந்தப் பெண் நர்ஸின் கை ஞாபகம் வருகிறது. தொடுவதற்கு முன்னால் கேட்கிறவர் யாராக இருந்தாலும் சரி, ஆணா பெண்ணா என்பது முக்கியமில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். அழகாக இருப்பதாலேயே அதை நான் நம்பவில்லை. உடம்பு அப்படியெல்லாம் நியாயம் பார்ப்பதில்லை. வலியில் கிடக்கும் ஒரு பெண்ணுக்குக் கூச்சப்பட உரிமை இருக்கிறது. உன் நல்ல மனசை நிரூபிக்க அவள் தன் கூச்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால், வேண்டாம் என்று சொல்கிறவளிடம் ஏன் என்று கேட்காதே. முகத்தைத் தொங்கப்போடாதே. அவளுக்கு நீ ஒரு பாடம் நடத்தவும் வேண்டாம்.

இன்னொன்று. உன்னை எடுத்துக்கொண்டால், கொஞ்ச நாளில் உன்னைப் புகழத் தொடங்குவார்கள். ஆணாக இருந்தும் இவ்வளவு பொறுமையா என்பார்கள். அதே வேலையை அதே பொறுமையோடு செய்யும் பெண்களை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்தப் புகழ்ச்சி உன் தலைக்கு ஏறினால் நான் உன் அப்பாவின் பக்கம் சேர்ந்துகொள்வேன். மற்றபடி, நாளை ஏன் என்று கேட்டால், என் கதையைச் சொல்ல வேண்டுமென்று தோன்றினால் சொல். பெயரை விட்டுவிடு. எனக்குக் கூச்சம்தான், ஆனால் இதோ நானே எழுதிவிட்டேன். எழுதியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதைப் படிக்கும் யாராவது கறுப்பு உடையைத் தேடி எடுத்து உடுத்திக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால், அவர் நாளைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சட்டையைத் தேய்த்து உன் அறைக் கதவில் மாட்டியிருக்கிறேன்.

அம்மா

மறுநாள் நடந்ததையும் இதோடு சேர்த்துவிடுகிறேன். மத்தியானம் ஆய்வகத்தில் இருந்தபோது நீ கூப்பிட்டாய். மேட்ரன் உன்னிடம் ஏன் இந்தத் துறை என்று கேட்கவே இல்லையாம். உன் தாள்களைப் பார்த்துவிட்டு, வா என்று பிரசவம் முடிந்தவர்களின் வார்டுக்கு நேரே கூட்டிப்போனார். முதல் படுக்கையில் ஆபரேஷன் செய்த பெண். இந்த பிரதர் உன்னை எழுப்பி உட்காரவைக்கட்டுமா என்று மேட்ரன் கேட்டார். அவள் உன்னைப் பார்த்துவிட்டு, நக்கோ, வேண்டாம் என்றாள். நீ சரி தாயி என்று சொல்லிவிட்டுத் திரைக்கு வெளியே வந்தாய். இரண்டாவது படுக்கையில், அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் அவள் கணவன், ஆண் ஆள் வேண்டாம் என்றான். அவள் அவனிடம், "அவர் இருக்கட்டும், நீ வெளியே போ" என்றாள். அவன் போனான். அந்த வார்டின் ஆயா மாவ்ஷி பக்கத்தில் நிற்க, நீ அவளை எழுப்பி உட்காரவைத்தாய். திங்கட்கிழமை வந்து சேர், இந்த வார்டில் மட்டும், பகலில் மட்டும், மூன்று மாதம் பார்க்கலாம், பிரசவ அறைப் பேச்சே இப்போது வேண்டாம் என்றார் மேட்ரன். நீ ஒப்புக்கொண்டு, டயாலிசிஸ் மையத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாய்.

இதையெல்லாம் வேகமாகச் சொல்லி முடித்தாய். அதிக நேரம் பேசியது வேண்டாம் என்று சொன்ன முதல் பெண்ணைப் பற்றித்தான். அவளுடைய தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டாத இடத்தில் ஜன்னலோரம் இருந்ததாம். தையலோடு எம்பி எடுக்கப் பார்ப்பாள் என்று உனக்குத் தோன்றியதாம். வெளியே வந்ததும் மாவ்ஷியிடம் சொல்லி, அதை அவள் தலைமாட்டுக்கு நகர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறாய்.